பதினான்கு போன்களில் ஒரே ஹோர்ன்

பதுளை பஸார் வீதியில் பர்ஸானா நடத்திய போன் கடைக்கு ஜௌபர் ஹாஜியார் வந்தபோது அவரிடம் இரண்டு பச்சை பஸ்களும் ஒரு யோசனையும் இருந்தன. பஸ்கள் பதுளைக்கும் மடுல்சீமைக்கும் இடையே ஓடின. அவற்றின் நேர அட்டவணையை ஆட்களுடைய போனுக்குள்ளேயே போட்டுவிட வேண்டும் என்பது யோசனை.

“கொழும்புல கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்தீங்கதானே மகள், ஒங்களுக்கு இது பெரிய வேலயா?”

பர்ஸானாவுக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. 2009ஆம் ஆண்டு டிசம்பர் அது. சாதாரண போன்களிலும் சின்னச் சின்ன விளையாட்டுகள் ஏறின. அதே வழியில் அட்டவணையும் ஏறும். இரண்டு வாரத்தில் செய்து முடித்தாள். அவளுடைய போனில் பார்க்க அழகாகவே இருந்தது. மேலே பச்சை பஸ், கீழே நேரங்கள். பஸ் வரக் கால்மணி நேரம் இருக்கும்போது ஹோர்ன் அடிக்கும். ஹோர்ன் ஹாஜியாரின் பிடிவாதம். தன் பஸ்ஸின் ‘பாம்-பபாம்-பீ’யையே பதிவு செய்து போட வைத்தார்.

ஹாஜியாரின் போனில் ஏற்றியபோதுதான் தொல்லை தொடங்கியது. மடுல்சீமை என்ற பெயர் திரையில் கொள்ளாமல் ‘மடு’வோடு நின்றுவிட்டது. பச்சை பஸ் நீலமாகத் தெரிந்தது.

ஹாஜியார் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அதே பாதையில் நீல பஸ் ஓட்டுபவர் அவருடைய போட்டிக்காரர் ஸியாம்.

“இது ஸியாம்ட பஸ். என்ட போனுக்குள்ள இவன் எப்படி வந்த?”

“ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரித் தெரியும் ஹாஜியார். எல்லா மாதிரிப் போன்லயும் போட்டுப் பாக்கணும். என்கிட்ட மூணுதான் ஈக்குது.”

“அப்ப என்ட பஸ்ஸுல ஏறுங்க. எத்தன மாதிரி வேணுமோ அங்க ஈக்கும்.”

சனிக்கிழமை இரண்டேகால் பஸ்ஸில் பர்ஸானா ஏறினாள். பஸ் புறப்பட அரைமணி நேரம் இருந்தது. சந்தைச் சாமான்களோடு ஏறியவர்கள், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள், மடுல்சீமையில் கணக்குப் படிப்பிக்கும் பரமலிங்கம் மாஸ்டர் என்று பதினான்கு பேர் போனைக் கொடுத்தார்கள். மாஸ்டருடையது நான்கு ஸ்பீக்கர் வைத்த சைனா போன். பூவாயி என்ற பெண்ணின் போனுக்கு மூடி இல்லை. ரப்பர் வளையம் போட்டு பற்றரியை நிறுத்தியிருந்தாள். பர்ஸானா ஒவ்வொன்றாக வாங்கி, அட்டவணையை ஏற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

“சோதிச்சுப் பாக்க, சரியா மூன்றரைக்கு எல்லாப் போன்லயும் ஹோர்ன் அடிக்கும். அதுவரைக்கும் யாரும் ஒண்டையும் அமத்தாதீங்க” என்று சொன்னாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். டிரைவர் இராசையா மட்டும் அப்போது தேநீர்க் கடையில் இருந்தார்.

பசறை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. மூன்று பத்துக்கு, இராசையாவின் முதுகுக்குப் பின்னால், பாம்-பபாம்-பீ என்று கேட்டது. யாரோ முந்தப் பார்க்கிறார்கள் என்று பஸ்ஸை ஓரங்கட்டினார். யாரும் முந்தவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வளைவில் மறுபடியும் அதே சத்தம். மறுபடியும் ஓரங்கட்டினார்.

“பச்சமுத்து, பின்னால எவன்டா வர்றான்?”

கண்டக்டர் பச்சைமுத்து மிதிபலகையில் தொங்கிப் பார்த்தான். “ஒருத்தரும் இல்லண்ணே.”

“அப்ப ஹோர்ன் அடிச்சது யாரு?”

“நீங்கதாண்ணே அடிச்சீங்க.”

பஸ்ஸில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பர்ஸானாகூட, இந்த டிரைவர் காரணமில்லாமல் ஹோர்ன் அடிக்கிறாரே என்று நினைத்தபடி கைக்கடிகாரத்தில் மூன்றரையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அடிக்கவில்லை என்பது இராசையா ஒருவருக்குத்தான் தெரியும். இருபது வருடம் ஓட்டியவர். தன் பஸ்ஸின் ஹோர்ன் தனக்குப் பின்னால் கேட்டு அவர் பார்த்ததில்லை. பாதையோரத்து முனியாண்டி கோயிலில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிக் கற்பூரம் ஏற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கிளம்பி நூறு அடிகூடப் போகவில்லை. பாம்-பபாம்-பீ!

“இந்தா பாருங்க, எல்லாரும் பாருங்க!” இராசையா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். “என் கை ரெண்டும் இங்க இருக்கு! நான் அடிக்கல!”

“ஸ்டியரிங்கைப் புடிங்கண்ணே!” என்று பஸ்ஸே கத்தியது.

முன்சீட்டில் இருந்த பரமலிங்கம் மாஸ்டர் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“சத்தம் எனக்குள்ள இருந்துதான் வருகுது.”

அவருடைய சட்டைப் பையில் சைனா போன் துள்ளிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு சத்தங்களும் ஒரு முட்டைக்கோவாப் பைக்குள்ளிருந்தும் ஒரு மழைக்கோட்டுக்குள்ளிருந்தும் வந்தவை என்பது பிறகு தெரிந்தது.

பர்ஸானா எழுந்து எல்லோருடைய போனிலும் மணி பார்த்தாள். பதினான்கு போன்களில் ஒன்பது விதமான நேரம். பூவாயியின் போனில் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, காலை ஏழு மணி.

“போன்ல மணி சரியில்லையாம்மா?” என்று பர்ஸானா கேட்டாள்.

“காலைல தோட்டத்துல பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டு மணி அடிச்சா போறேன், வேல முடிஞ்சா வாறேன். அதுல எதுக்குங்க மணி பாக்கணும்?”

எழுத்து வெட்டுப்படும், நிறம் மாறும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பர்ஸானா, போன்களில் மணி சரியாக இருக்குமா என்று நினைத்தும் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சோதனையை விட மனமில்லை. “யாரும் நிப்பாட்டிறாதீங்க, எந்தப் போன்ல எப்படிக் கேக்குதுண்டு எழுதணும்” என்று கொப்பியோடு நின்றாள். மிச்சப் போன்கள் அவரவர் நேரத்துக்கு அடித்தன. ஒன்று ஆட்டுக்குட்டிபோல் கத்தியது. ஒன்று குக்கர்போல் விசிலடித்தது. ஒன்று பற்றரியைக் கழற்றும்வரை ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் இராசையாவின் தோள்கள் துள்ளின. ஐந்தாவதுக்குப் பிறகு அவர் கல்லாக உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஸியாமின் நீல பஸ் பின்னால் வந்தது. வழி கேட்டு ஹோர்ன் அடித்தது. இராசையா அசையவில்லை. நீல பஸ் விதவிதமாக அடித்துப் பார்த்தது.

“அண்ணே, வழி விடுங்க!” என்றான் பச்சைமுத்து.

“எனக்கே கத வுடுறியா? அந்தப் போன நிப்பாட்டச் சொல்லு!”

ஐந்து மைல் தூரம், மடுல்சீமை வரைக்கும், நடு ரோட்டிலேயே ஓட்டினார். இறங்கிப் பின்னால் பார்த்த பிறகுதான் நம்பினார்.

திங்கட்கிழமை ஸியாம் ஹாஜியாரிடம் சண்டைக்கு வந்தார். ஹாஜியார் அவரை உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “அஞ்சு மைலா?” என்று மூன்று தரம் கேட்டார். ஸியாம் போனதும் பர்ஸானாவின் கடைக்கு ஓடிவந்தார்.

“மகள், ஹோர்ன்ல மட்டும் கை வெக்காதீங்க. நல்ல சாமான்!”

“ஹோர்ன் இருந்தா நான் பஸ் எடுக்க மாட்டேன்” என்று கூடவே வந்திருந்த இராசையா சொன்னார். நெற்றியில் இன்னும் விபூதி இருந்தது.

டிரைவர் இல்லாமல் பஸ் ஓடாது. ஆகவே ஹோர்ன் போனது. பர்ஸானா எழுத்தைச் சிறிதாக்கினாள், பஸ்ஸுக்கு எல்லாப் போனிலும் பச்சையாகவே தெரிகிற ஒரு பச்சையைத் தேடிப் பிடித்தாள். அட்டவணையைத் திறந்ததும் ‘இப்ப மணி என்ன?’ என்று கேட்க வைத்தாள். ஹோர்னுக்குப் பதிலாகப் பச்சைமுத்துவின் குரலைப் பதிந்தாள். அவன் அதற்காகத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்திருந்தான்.

ஜனவரியில் எழுபது போன்களுக்கு மேல் ஏறிவிட்டது. ஒருநாள் பதுளைத் தபால் கந்தோரில் நீண்ட வரிசை. பர்ஸானாவும் அதில் நின்றாள். திடீரென்று யாரோ ஒருவரின் பைக்குள்ளிருந்து பச்சைமுத்து கத்தினான்:

“மடுல்சீமை, மடுல்சீமை! உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!”

வரிசை மொத்தமும் இரண்டடி முன்னால் நகர்ந்து நெருங்கி நின்றது. முத்திரை விற்கும் இடத்தில் முதலில் நின்ற பெரியவர் கவுண்டர் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு, “இதுக்கு மேல போக எடமில்ல தம்பி” என்றார்.