அப்ரூவல் வாங்காத கதை

மதியம் இரண்டு மணிக்கு அச்சகத்தில் மெஷின் ஓடத் தொடங்கிவிடும். இப்போதே மணி ஒன்றேகால். சித்ராதேவி அருள்புரத்துக்கு விரைந்துகொண்டிருந்தாள்.

பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர் அவள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் சாம்பிளைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு கிலோ துணியில்கூடக் கத்தி வைக்க விடமாட்டாள். அப்பேர்ப்பட்ட மகராசி, தான் எழுதிய முதல் குழந்தைகள் புத்தகத்தை மட்டும், அதில் வரும் குழந்தைக்கே காட்டாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டாள். நேற்று அது உறைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

குழந்தை, அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒடிசாக்காரி மினதியின் மகள் சுபாஸ்மிதா. ஒரு சாயங்காலம் கம்பெனி கேட் அருகே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சித்ராதேவி பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவளாகவே எழுதிக்கொண்டாள். மினதியிடம் கேட்டதெல்லாம், மகளின் பெயரைக் கதையில் வைத்துக்கொள்ளலாமா என்பது மட்டும்.

பள்ளி விடுமுறை. அருள்புரத்தில் மினதி குடியிருந்த லைன் வீட்டில் சிறுமியை உட்காரவைத்து, படங்களைக் காட்டிக் கதையை வாசித்தாள். "சுபாஸ்மிதா, பிரிந்து வந்த தன் ஊர் ஆற்றை நினைத்து அழுதாள்" என்று கதை முடிந்தது.

"அக்கா, அன்னிக்கு எனக்குப் பல்லு வலிங்க" என்றாள் சுபாஸ்மிதா. "ஆறெல்லாம் தெரியாதுங்க. நான் பொறந்ததே இங்கதானுங்க. ஒடிசா போனா, அங்க என்னையத் தமிழ்ப்புள்ளைம்பாங்க."

சித்ராதேவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிறுமிக்கே பாவமாகிவிட்டது போல.

"படமெல்லாம் நல்லாருக்குங்க. பேரை மட்டும் எடுத்துருங்க. இது நானில்லீங்க."

பதிப்பாளர் செந்தில்வேலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"இப்ப நிறுத்துனா இந்த வருசக் கண்காட்சிக்குப் புத்தகம் வராதுங்க" என்றார் அவர். "வேற பேரு போட்டுக்கலாமுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

ஆசை இழுத்தது. எட்டு வருடமாகக் கண்ட கனவு. பெயரை மாற்றினால் போதும், வேறெந்தப் பிள்ளையும் வந்து கேட்கப் போவதில்லை. சுபாஸ்மிதா நாக்கால் அந்தப் பல்லைத் துழாவியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினை ஓட்ட வேண்டாமுங்க" என்றாள் சித்ராதேவி.

"ஏனுங்க, பேரை மாத்துனாப் பத்தாதுங்களா?"

"சாம்பிள் ரிஜெக்ட் ஆயிருச்சுங்க."