மணியைக் கீழே வை

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சி. மீதியெல்லாம் கைச்சரக்கு. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் கோபித்துக்கொள்ள முடியாது.

ஒரு சனிக்கிழமை மாலை மழைக்கு ஒதுங்க இடம் தேடினேன். ஓர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் 'பொதுச் சொற்பொழிவு, அனைவரும் வருக' என்று பலகை வைத்திருந்தார்கள். அனைவரிலும் நானும் சேர்த்திதானே என்று உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சட்டை காய்ந்தால் போதும் என்பதுதான் என் அறிவியல் ஆர்வம்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம். ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்தவர் பேசிக்கொண்டே போனார். மேடையோரம் நின்ற பெண் கையிலிருந்த சின்ன மணியை அடித்தாள். நடு வரிசையிலிருந்து ஓர் அம்மாள் விருட்டென்று எழுந்து, அரங்கமே அதிரும்படி சொன்னார்:

"அவர் இன்னும் முடிக்கலை. மணியைக் கீழ வை!"

அவ்வளவுதான். மழை விட்டதும் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த 'வை' என்னை விடவில்லை. 'வைங்க' என்றிருந்தால் அது புகார். 'வை' என்றால் அது குடும்பம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எல்லையற்ற பிரபஞ்சத்தின் முன்னால் மனிதனின் கேள்விகள்தாம் எத்தனை சிறிய—'

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.

நேராக மகளிடம் போகிறேன்.

மணி அடித்தவள்தான் மகள். ஆராய்ச்சி செய்பவள் அல்ல. ஆராய்ச்சி செய்பவர்களை ஊருக்குக் காட்டுவது அவள் வேலை. மாதம் ஒரு சொற்பொழிவு, வருடம் ஒரு கலைவிழா. பேச்சாளரைப் பிடிக்க வேண்டும். அவர் கொண்டுவரும் படங்களில் பாதியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். "ரொம்ப எளிமையாத்தான் பேசப்போறேன்" என்று அவர் சொல்லும்போது நம்புவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மைக் கரகரத்தாலும், பிஸ்கட் நமுத்துப்போனாலும் அவள் தலைதான் உருளும்.

இவ்வளவையும் சமாளித்தவளுக்குச் சமாளிக்க முடியாத ஆள் ஒருவர் இருந்தார். மாதம் தவறாமல் வந்து, முதல் கேள்வியை அவரே கேட்பார். 'என்னுடைய ஒரு சின்னச் சந்தேகம்' என்று தொடங்கும் அந்தச் சின்னது, சந்தேகத்துக்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் தேநீர்ப் பக்கம் நழுவிவிடுவார்கள். நிறுவனத்தில் அவருக்குக் கேள்விக்காரர் என்றே பெயர்.

"ஏம்மா, அவர் வாயை அடைக்க ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று இயக்குநர்* கேட்டார். அதற்குத்தான் மணி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று அறிவிப்பு வைத்தாள்.

(* ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர், சினிமா இயக்குநர் அல்ல. கலைவிழா நெருங்கும்போது இந்த வித்தியாசம் அவருக்கே மறந்துபோகும்.)

3

கேள்விக்காரருக்கு ஒரு தொழில் வேண்டும். முதலில் அவரை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராக்கினேன். எல்லோருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அனுப்பிவிட்டேன். பிறகு பூட்டு ரிப்பேர் செய்பவராக்கினேன். உடனே அவர் விஞ்ஞானிகளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி அரங்கத்தை வாயடைக்கவைக்கப் பார்த்தார். அந்தக் கதையை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள்.

கடைசியில் பல் கட்டுபவராக்கினேன். அளவெடுத்துப் பல்செட் செய்து மாட்டிவிடுபவர். காலையிலிருந்து மாலைவரை அவர் முன்னால் வாயைத் திறந்தபடியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் சனிக்கிழமை மாலை கேள்வி கேட்காமல் என்ன செய்வார்?

அம்மாவுக்குத் தொழில் தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் குரல். புருஷன் போனபின் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்து, "பிரேக்! பிரேக்!" என்று கத்தியே மகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அறிவியல் என்றால் அவருக்குக் கொட்டாவி வரும். அப்படிப்பட்டவர் போன வருடம் ஒரு சொற்பொழிவுக்கு வந்தார். அடுத்த மாதமும் வந்தார். பிறகு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மகளுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடத் தொடங்கினார்.

மகளுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. 'நான் மேடையில் நிற்பதைப் பார்க்கத்தான் அம்மா வருகிறாள்' என்று நினைத்தாள். ஒவ்வொரு மாதமும் வரவேற்புரையில் ஒரு வரி அம்மாவைப் பார்த்தே பேசினாள்.

(அவள்மேல் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் நிறுத்த மாட்டேன்.)

4

அன்றைய பேச்சு நத்தையின் பல் பற்றியது. பேச்சாளர் இளம்பெண், பேச்சில் துறுதுறுப்பு. நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கில் பல் இருக்கிறது என்று அவர் சொன்னதும் கேள்விக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இத்தனை நாள் கருந்துளை, பனிப்பாறை, பூகம்பம் என்று எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தவருக்கு முதல்முறையாகத் தன் சொந்தச் சரக்கு மேடையேறியிருக்கிறது. விடுவாரா?

"என்னுடைய ஒரு சின்னச் சந்தேகம். நான் தொழில்ல பல் கட்டுறவன். பல்லுங்கிறது, பாருங்க, ஒரு மனுஷனுக்கு..." என்று தொடங்கியவர் பால்பல்லுக்குப் போனார். அங்கிருந்து கடைவாய்க்குப் போனார். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். இயக்குநர் அவளைப் பார்த்தார். அவள் அடித்தாள்.

நான் பார்த்தது இங்கேதான் நடந்தது.

மகளின் கை அப்படியே நின்றுவிட்டது. கால் தானாகத் தரையை அழுத்தியது. பிரேக் இருக்கும் இடத்தில். அவளும் அம்மாவிடம் கார் கற்றவள்தான்.

பேச்சாளர் முதலில் சிரித்தார். "பரவாயில்லை, அவர் கேட்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

கேள்விக்காரர் மைக்கைப் பிடித்தபடி விழித்தார். "மன்னிக்கணும். கேள்வி மறந்துபோச்சு."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து, அந்தப் பெருங்குரலிலேயே எடுத்துக்கொடுத்தார்: "நத்தைக்குப் பல்லு தேஞ்சா..."

"ஆமா, ஆமா! நத்தைக்குப் பல்லு தேஞ்சுபோனா யார் கட்டிவிடுவாங்க?"

"யாரும் வேண்டாம்" என்றார் பேச்சாளர். "பின்னாலேருந்து புது வரிசை முளைச்சு முன்னால வந்துகிட்டே இருக்கும்."

"அப்ப அங்க நான் கடை போட முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மகள் தட்டவில்லை. அவளுக்கு ஒரே யோசனை. அவர் கேட்கப்போகும் கேள்வி அம்மாவுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?

5

அறுபது வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு சிநேகம் அமைகிறது என்று எழுதினால் நம்புவார்களா என்று இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்தேன். என் வீட்டில் கேட்டேன். "உனக்கு நம்பிக்கை இல்லைன்னா நத்தையைப் பத்தி எழுது" என்று பதில் வந்தது. மறுபடி திறந்தேன்.

தேநீர் மேசைப் பக்கம் அம்மாவைத் தனியாக ஓரங்கட்டினாள் மகள்.

"என்னம்மா இது, அத்தனை பேர் முன்னாடி!"

"அத்தனை பேர் முன்னாடி மணி அடிச்சது யாரு?"

"அது எல்லாருக்கும் பொதுவான விதிம்மா."

"போன மாசம் ஒரு பெரியவர் எழுந்து சொந்தக் கதை பூராவும் சொன்னார். அடிச்சியா? நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

மகளின் மனதில் இருந்தது வந்துவிட்டது. "நீ என்னைப் பார்க்கத்தான் வர்றேன்னு நினைச்சேன்."

('அவள் கண்கள் குளமாயின' என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. பிஸ்கட் தட்டை நேராக்கினாள்.)

அம்மா தேநீரில் முக்கிய பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"மொதல்ல உனக்காகத்தான்டி வந்தேன். நீ அங்க நின்னு பேசுறதைப் பார்க்கணும்னு. பக்கத்து சீட்ல இவர். கருந்துளைன்னாங்க. எனக்கு ஒரு மண்ணும் புரியலை. அங்க முக்காவாசிப் பேருக்குப் புரியலை, எல்லாரும் தலையாட்டுறாங்க. இவர் ஒருத்தர்தான் எழுந்து, 'எனக்குப் புரியலை, மறுபடி சொல்லுங்க'ன்னார். உங்கப்பா போனப்புறம் அப்படி ஒரு மனுஷன் பக்கத்துல நான் உட்கார்ந்ததே இல்லை."

மகள் அம்மா கையிலிருந்த தேநீரை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இப்ப?"

"இப்ப ரெண்டு பேருக்காகவும் வர்றேன். அவர் எங்கிட்ட கார் வேற கத்துக்கிறார். ரிவர்ஸ் மட்டும் வரலை. வண்டியைப் பின்னால எடுடான்னா, ஏன் பின்னால போகணும்னு கேட்கிறார்."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மாவும் சேர்ந்துகொண்டார். கேள்விக்காரர் தூரத்தில் இரண்டு தேநீருடன் நின்று, வரலாமா என்று கண்ணாலேயே கேட்டார். "வாங்க" என்றாள் மகள். "அடுத்த மாசத்துலேருந்து மணி கிடையாது. ஆனா நீங்க கேள்வியை மொதல்ல சொல்லிட்டு அப்புறமா பால்பல்லுக்குப் போகணும்."

"நியாயம்தான்" என்றார் அவர். "ஏன் அப்படின்னு கேட்கலாமா?"

6

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் கலைவிழா இருக்கிறது, இயக்குநர் விடமாட்டார்.

கலைவிழாவில் வேதியியல்காரர்கள் ஆடினார்கள். ஒருவர் இடப்பக்கம் திரும்பினால் மற்றவர் வலப்பக்கம். கணிதத் துறையினர் மேளம் வாசித்தார்கள். தாளம் இம்மியும் பிசகவில்லை. எப்போது முடியும் என்பதைத்தான் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. இயக்குநர் ராஜா வேஷத்தில் வந்து, சண்டைக்காட்சியில் மீசையைப் பறிகொடுத்தும் வசனத்தை விடவில்லை. ஊரே வந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தது.

அடுத்தது பொதுமக்களின் நிகழ்ச்சி. இயக்குநரே ஆள் பிடித்திருந்தார். "அந்தக் குரலை வீணாக்கக் கூடாதும்மா" என்று மகளிடம் சொன்னார். ஜோடிப் பாட்டு. அம்மாவும் கேள்விக்காரரும்.

திரைக்குப் பக்கத்தில் இருவரும் தயாராக நிற்கிறார்கள். அவர் சட்டைக் காலரை அம்மா சரிசெய்துவிடுகிறார். அறிவிக்க வேண்டியவள் மகள். மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"அடுத்து பாட வர்றது எங்க அம்மாவும், அவங்களோட..."

7

இங்கே ஒரு சொல் வேண்டும். அது எனக்குக் கிடைக்கவில்லை.

'நண்பர்' என்று எழுதினேன். அலுவலக வாசனை அடித்தது. 'தெரிந்தவர்' என்றால் தெருவில் கையசைத்துவிட்டுப் போகிறவர். 'துணைவர்' என்று எழுதியதும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை அவரல்லவா முதலில் சொல்ல வேண்டும்? அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள் ஒருவரையொருவர் அழைக்க 'சகலை' என்றும், அண்ணன் தம்பியைக் கட்டிய பெண்கள் அழைக்க 'ஓரகத்தி' என்றும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கும் மொழி இது. அறுபதாவது வயதில் பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அவரை என்னவென்று சொல்வது என்பதற்கு மட்டும் கையை விரிக்கிறது.

மகள் இன்னும் மைக் முன்னால்தான் நிற்கிறாள். அரங்கம் காத்திருக்கிறது. அவள் முகத்தில் பதற்றம் இல்லை. நாக்கு நுனியில் ஏதோ இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. அதை நான் போட மாட்டேன். நீங்கள் போடுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் அவரை என்னவென்று அழைக்கிறீர்களோ அதையே போடலாம்.

சீக்கிரம் போடுங்கள். அவர்கள் இருவரும் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. அம்மா பாடத் தொடங்கிவிட்டார், சுருதி கொஞ்சம் மேலே. கேள்விக்காரர் பின்னாலேயே ஓடி வருகிறார்.