மௌனத்துக்குள் ஒரு தட்டல்

சினிமாக்காரர்கள் மௌனத்தைக்கூடச் சும்மா விட மாட்டார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடி நிற்கச் சொல்லி, வெறும் அறையின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். இந்த ஒட்டு வேலையில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு காது.

படம் வெளியாகும் நாள் நெருங்கியது. தலைக்கு மேல் வேலை. தங்கச்சிக்குக் கவனம் சிதறாமல் இருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. ஒன்றே ஒன்று என்றுதான் அக்கா எடுத்தாள். அடடா, அந்த முதல் பகல்! பசி, தூக்கம், அலுப்பு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. ஒவ்வொரு சொல்லின் ஓரமும் பளபளத்தது. ஜன்னலே இல்லாத அந்த ஒலிக்கூடத்தில், தண்ணீருக்கடியில் நீந்துகிறவள் மாதிரி மிதந்துகொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு ஆயிற்று. அதற்கப்புறம் கணக்காவது ஒன்றாவது!

தங்கச்சியோ வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலையணை உறை, செருப்பு அலமாரி, சர்க்கரை டப்பா, ஒன்றையும் விடவில்லை.

"எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேன்க்கா. இதெல்லாம் ஒரு மூளையா? மறுபடியும் டாக்டர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"நல்லாத் தேடிப் பாரு," என்றாள் அக்கா. அதைச் சொல்ல அவளுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

மறுநாள் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் அறையின் ஒலியை ஓடவிட்டாள். உள்ளே யாரோ தட்டினார்கள். டும்டும், டும்டும். கனத்த அடித்தொனியை மட்டும் கருவியில் வெட்டிப் பார்த்தாள், போகவில்லை. வேறொரு அறையின் மௌனத்தைப் போட்டாள். அங்கேயும் அதே ஆள் வந்து தட்டினான். கூடவே குசுகுசுப்பு வேறு: 'இவளுக்குக் காது போச்சு, வேற ஆளப் பாத்தாச்சு.' சந்தேகமே இல்லை, டைரக்டர் குரல்தான்! உடனே போன் போட்டுக் கத்தினாள்.

"என் முதுகுக்குப் பின்னாடி என்ன பேசறீங்க?"

பாவம், அந்த மனுஷன் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். "ஆ?" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த 'ஆ'விலேயே ஏதோ சதி இருப்பதாக அக்காவுக்குப் பட்டது.

மதியம் சாப்பாட்டோடு தங்கச்சி வந்தாள். அக்கா அவள் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"கேளு. யாரோ தட்டறாங்க இல்ல?"

"ஒண்ணுமே கேக்கலையேக்கா."

ஹெட்போன் தங்கச்சியின் காதில் இருந்தது. தட்டலோ இன்னும் அக்காவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ, என்னக்கா இது, நாடி இந்த ஓட்டம் ஓடுது?"

காலையிலிருந்து அக்கா வெட்டி எறியப் பார்த்தது தன்னுடைய நெஞ்சுத் துடிப்பைத்தான். அது புரிந்த நேரத்தில் யாரோ மார்பில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அறையின் மூலைகள் மெல்லக் கரைந்தன.

ஆஸ்பத்திரிக் கூரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. டாக்டர் அம்மா குனிந்தார்.

"என்ன சாப்பிட்டீங்க? மறைக்காம சொன்னாத்தான் எந்த மருந்து போடலாம், எது போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

தங்கச்சி முந்திக்கொண்டாள். "எங்கக்கா காப்பிகூடத் தொட மாட்டா டாக்டர். வேலை, வேலைன்னு உடம்பக் கெடுத்துக்கிட்டா, அவ்வளவுதான்."

சொன்னால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் இனி முழிக்கவே முடியாமல் போகலாம். அக்கா தங்கச்சியைக் கைகாட்டினாள்.

"கவனம் சிதறாம இருக்க இவளுக்கு டாக்டர் குடுத்த மாத்திரை. நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும்."

டாக்டர் அம்மா நர்சைக் கூப்பிட்டு ஏதோ ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். "அவங்களுக்கு அளவு பாத்துக் குடுத்தது. நீங்க அள்ளிப் போட்டா இதயமும் கெடும், புத்தியும் பேதலிக்கும். இன்னைக்குப் பூரா பக்கத்துலயே வெச்சுப் பாக்கணும்."

திட்டட்டும், கன்னத்தில் ஒன்று வைக்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள். தங்கச்சிக்கோ கண் நிறைந்துவிட்டது.

"அப்போ நான் தொலைக்கலையா?" என்றாள்.

கோபமே இல்லை, முகம் முழுக்க நிம்மதி. அக்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.