சாய்க்கக் கூடாத பை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மனுவாகப் பிறந்த கதை. ஒரு அரசுக் குழுவின் முன்னால் வாசிக்க என் அக்காதான் மனு கேட்டாள். "நீதான் எழுதுறவனாச்சே. நறுக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. மூணு நிமிஷத்துல படிச்சு முடிக்கிற மாதிரி இருக்கணும்" என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குரங்கு இதோ உங்கள் கையில் இருக்கிறது. கடிக்காது, படியுங்கள்.

அக்கா பேக்கரி வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கிய அறை. அதற்கும் பின்னால் யாரும் குளிக்காத ஒரு குளியலறை. அங்கே மூடி இறுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று நிற்கிறது. மூடியில் செருகிய குழாயிலிருந்து அவ்வப்போது 'குளுக்' என்று சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாக வெளியே காத்து நின்றேன். வெகுநேரம் நின்றேன்.

"அது பீர்டா. வெளிய வராது, நீ போ" என்றாள் அக்கா.

ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட்டின் பங்காளிதான் பீரையும் பொங்கவைக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட வேண்டும். மற்றதை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். என் அத்தான் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார், ஆனால் காலிப் புட்டி கழுவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் குடித்திருக்கிறேன். கருத்த பீர், வாயில் வைத்ததும் சற்றுத் தீய்ந்த ரொட்டி ஓரத்தின் மணம். நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஆனால் சட்டப்படி அந்த டிரம் ஒரு குற்றம்.

2

'மதிப்பிற்குரிய குழுவினருக்கு, சில ஆண்டுகளாக என் பேக்கரியின் பின்னறையில் நான் தரமான பீர் தயாரித்து வரு

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அக்கா பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏன்டா, இப்படி எழுதினா நீயே என்னைப் பிடிச்சுக் குடுத்த மாதிரிதானே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது தன் வாய், அக்காவுக்குத் தம்பி வாய்.

2 (மறுபடியும்)

'மதிப்பிற்குரிய குழுவினருக்கு, நான் இதுவரை பீர் தயாரித்ததே இல்லை. ஆனால் அனுமதி கொடுத்தால் மிக நன்றாகத் தயாரிப்பேன் என்று

"செஞ்சதே இல்லைன்னா நல்லா செய்வேன்னு எப்படித் தெரியும்? சிரிப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. செய்தேன் என்றால் குற்றவாளி, செய்யவில்லை என்றால் பொய்க்காரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளன் வேலை என்று மார்தட்டினேன். எத்தனையோ காகிதம் கிழித்தேன். கிடைக்கவில்லை. நான் கெட்ட எழுத்தாளன் அல்ல. இந்தச் சட்டத்துக்குள் அப்படி ஒரு வாக்கியத்துக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

3

(இது கொஞ்சம் கட்டுரை. பொறுமை இல்லாதவர்கள் நாலுக்குத் தாண்டலாம். தாண்டினால் அங்கே என் மனைவி பேசுவது புரியாது.)

பீர் தயாரிக்க உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமானால் தொட்டி மிகப் பெரியதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரியது என்றால், அதை அக்காவின் தெருவுக்குக் கொண்டுவர இரண்டு பக்கமும் வீடுகளை இடிக்க வேண்டும். கல்யாணப் பந்திக்குச் சமைக்க முடியாதவர் வீட்டில் அடுப்பே மூட்டக் கூடாது என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். பீர் என்றால் மட்டும் தலையாட்டிவிட்டுப் போகிறோம்.

இதை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. நாலைந்து ஆலைகள் என்றால் கண்காணிப்பது சுலபம், வரி வாங்குவது சுலபம். மறைவில் காய்ச்சியதைக் குடித்து ஆட்கள் செத்துப்போன நினைவும் அவர்களுக்கு இருந்திருக்கும். அதற்காக எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? கடைக்குப் போனால் லேபிள் வேறு வேறாக இருக்கிறது, ருசி ஒன்றாக இருக்கிறது. இன்னொரு ருசி தரக்கூடியவள் குளியலறையில் ஒளிந்திருக்கிறாள். வெளிச்சத்தில் செய்தால் வந்து சோதிக்கலாம், குளியலறையை யார் சோதிப்பது?

இப்போது ஒரு திருத்தம் வரப்போகிறது. சின்னத் தொட்டிக்கும் உரிமம் உண்டு, சோதனையும் வரியும் எல்லோருக்கும் போல உண்டு. அதை ஏற்கலாமா என்று ஒரு குழு பொதுமக்களைக் கூப்பிட்டுக் கேட்கிறது. பெரிய ஆலையின் பிரதிநிதி வருவார், சின்னக் கைகளில் சுத்தம் இருக்காது என்பார். அவருக்குத் தரும் பதில் ஒரு புட்டிதான். மேசையில் வைத்து, 'குடித்துப் பாருங்கள்' என்று சொன்னால் போதும்.

ஆனால் திருத்தத்தின் வாலில் ஒரு வரி தொங்குகிறது. அனுமதியில்லாமல் தயாரித்துத் தண்டனை வாங்கியவருக்கு எந்தக் காலத்திலும் உரிமம் கிடையாது. புட்டியைக் காட்டினால் சட்டம் மாறலாம், காட்டியவளுக்கு மட்டும் அது மாறாமலே போகலாம்.

(கைப்பிரதியைப் படித்த நண்பர் இந்தப் பகுதியில் கட்டுரை வாடை அடிக்கிறது என்றார். குளியலறையில் தொடங்கிய கதை, ஏதாவது ஒரு வாடை அடிக்கத்தான் செய்யும்.)

4

இந்தக் கதையில் எனக்கு ஒத்துவராத பாத்திரம் ஒன்று இருக்கிறது. வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி செவிலியர். குடியால் ஈரல் கெட்டவர்கள் படுத்திருக்கும் வார்டில் வேலை. முதல் பிரதியில் அவளை எடுத்ததற்கெல்லாம் உபதேசம் செய்கிறவளாக எழுதியிருந்தேன். கதைக்கு எதிர்க்கட்சி வேண்டுமே. படித்துவிட்டுக் காகிதத்தை என் மடியில் போட்டாள்.

"இதுல நான் சாபம் விடுறேன். நான் எப்பங்க சாபம் விட்டேன்?"

"சும்மா ஒரு வேகத்துக்கு."

"நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு கடை கூடினா என் வார்டுல ஒரு கட்டில் கூடும். அவ்வளவுதான்."

"அக்கா பீரைக் குடிச்சா உன் வார்டுக்கு வர்றாங்க?"

"இல்ல. மலிவா கிடைக்கிறதக் குடிச்சுட்டுத்தான் வர்றாங்க. ஆனா தினமும் அவங்க வீங்கின வயித்துலேருந்து தண்ணி எடுக்கிறப்ப பக்கத்துல நிக்கிறவ நான். இன்னும் கொஞ்சம் திறந்துவிடலாம்னு யாராவது சொன்னா எனக்குப் பயமா இருக்கு. பயப்படக் கூடாதா?"

அந்தக் கூட்டத்தில் பேச அவளும் பேர் கொடுத்திருந்தாள், எதிர்த்துப் பேச. அக்காவிடம் அதை அவளே சொன்னாள். அக்கா கொஞ்சநேரம் மாவைப் பிசைந்தாள். பிறகு, "பேசு, உனக்குத் தெரிஞ்சத நீ சொல்லு. ஒரே ஆட்டோல போயிரலாம்" என்றாள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு இல்லை.

5

கூட்டம் நடந்த கட்டடத்தில் நீளமான நடை, சுவரோரம் மரப் பெஞ்சு. பேச வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் ஒரு துணிப் பை. அதில் ஐஸ் கட்டிப் பொட்டலத்துக்கு நடுவே ஒரு புட்டி. மேசையில் வைப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. வைக்காவிட்டால் வாசிக்க என் மனுவின் பதினோராவது பிரதி இருந்தது. அதில் ஒன்றுமே சொல்லாமல் ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன்.

வீட்டில் செய்த பீருக்கு அடியில் ஈஸ்ட் மண்டி தங்கும். சாய்த்தால் கலங்கிப்போகும். அதனால் அதைக் கொண்டுபோகிறவர்கள் பையைத் தோளில் மாட்ட மாட்டார்கள், தரையில் போட மாட்டார்கள். மடியில் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள், தலை நிற்காத குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

அக்கா என் முழங்கையை இடித்தாள்.

"அங்க பாரு. அந்த வேன் டிரைவர்."

வாசலில் வேனை நிறுத்திவிட்டு வந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். மடியில் பை, நிமிர்ந்த பை. அவருக்கு அப்பால் ஒரு பல் டாக்டர், சற்றுமுன் தானாகவே அறிமுகம் செய்துகொண்டவர். அவர் மடியிலும் நிமிர்ந்த பை. கதவோரம் ஓர் இளம் தம்பதி, ஒரே பையை நாலு கையால் பிடித்திருந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் பார்த்தாள். அவர்களும் அவள் மடியைப் பார்த்தார்கள். ஊரில் தான் ஒருத்திதான் இப்படி என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

வருகைப் பதிவில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து, பக்கத்தில் இருந்த என் மனைவியிடம் பையைக் கொடுத்தாள்.

"சாய்ச்சிராத."

மனைவி வாங்கி, நிமிர்த்தி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா திரும்பி வந்து கை நீட்டியபோது அவள் கொடுக்கவில்லை.

"அண்ணி, இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க சும்மா பேசிட்டு வாங்க. கேஸ் ஆச்சுன்னா உங்களுக்கு எப்பவுமே லைசன்ஸ் கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குக் கிடைக்காது. அந்த வேன் டிரைவருக்குக் கிடைக்கும்ல."

"அவர் யாரு உங்களுக்கு?"

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை.

6

இங்கே சில முடிவுகள் வரிசையில் வந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றில் குழுத் தலைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறார், அரங்கமே கைதட்டுகிறது. விளம்பரப் படத்தில் போடலாம்.

இன்னொன்றில் அக்காவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிறார்கள், அத்தான் பின்னாலேயே ஓடுகி

(வேண்டாம். அத்தானுக்கு முட்டி வலி.)

மூன்றாவதில் அக்கா புட்டியை வைத்ததும் வேன் டிரைவர் எழுகிறார், டாக்டர் எழுகிறார், தம்பதி எழுகிறார்கள், மேசை முழுக்கப் புட்டி. இதை எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர்கள் எழவில்லை. பையை இன்னும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் ஆளாளுக்குச் சொந்தம்.

நடந்ததைச் சொல்கிறேன்.

7

மனைவி பையைக் கொடுத்தாள். சாய்க்காமல் கொடுத்தாள்.

அக்கா உள்ளே போய், என் மனுவை வாசிக்காமல், புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். தலைவி நரைத்த தலைக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது என்னம்மா?" என்றார்.

"பீர்ங்க. நான் செஞ்சது."

ஆலைப் பிரதிநிதி அப்போதே எழுந்து தலைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இது குற்ற ஒப்புதல். சீல் வச்சு ஆதாரமா எடுத்துக்கணும்" என்றார். அவர் கத்தவில்லை. அவருடைய வேலையை அவர் செய்தார்.

தலைவி புட்டியைத் தொடவில்லை. எழுத்தரைப் பார்த்தார், அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார். அடுத்த பேர் என் மனைவியுடையது.

"நீங்க திருத்தத்தை எதிர்த்துப் பேச வந்திருக்கீங்க."

"ஆமாங்க. எதிர்க்கிறேன்." வார்டைப் பற்றிச் சொன்னாள், கட்டில்களைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் என்னிடம் சொன்னது போலவே, உபதேசம் இல்லாமல். பிறகு புட்டியைக் காட்டினாள். "ஆனா இதுக்கு சீல் வைக்காதீங்க. குடிச்சுப் பாருங்க."

"நீங்கதான் வேண்டாம்னு சொல்றீங்களே?"

"குடிச்சுட்டு வேண்டாம்னு சொல்லுங்க. நாங்க வார்டுல நோயாளியைத் தொட்டுப் பாக்காம மருந்து எழுத விடுறதில்ல. அவங்க எங்க அண்ணி. ஒளிச்சு வச்சிருக்கலாம், கொண்டுவந்து முன்னால வச்சிருக்காங்க. அதுக்காவது ஒரு வாய் குடிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

எழுத்தாளன் நான் இதில் ஒரு சொல்கூட எழுதிக்கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

8

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை, தெரியும். அந்தத் தலைவி என்ன செய்தார் என்பது அவர் கணக்கு. நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். சட்டங்கள் உங்கள் பேரில்தான் எழுதப்படுகின்றன.

ஆகவே அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இடது பக்கம் ஆலைப் பிரதிநிதி அரக்கும் முத்திரையுமாக நிற்கிறார். வலது பக்கம் என் மனைவி. அவள் இன்னும் உங்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள், அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். சீல் வைத்தால் அது சாட்சி. திறந்தால் நீங்களும் அக்காவின் குற்றத்தில் கூட்டாளி.

புட்டியை எடுத்துவிட்டீர்கள். எதற்காக எடுத்தீர்கள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அக்கா மட்டும் ஓர் அடி முன்னால் வருகிறாள்.

"ஐஸ்ல இருந்து எடுத்ததுங்க, ரொம்பக் குளுந்திருக்கும். குளுந்தா மணம் தெரியாது. கொஞ்சநேரம் கையில வச்சிருந்துட்டுத் திறங்க."

வைத்திருங்கள். அக்கா நிற்கிறாள்.