ஒரு வண்டிக்கு மட்டும்

சேற்றில் புரண்டு எழுந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் எல்லாரும் அந்தத் திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகச் சட்டமன்றக் கட்டடத்தின் நடைவழியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படிக்காமல் பரீட்சைக்கு வந்த பையன்களைப் போல ஆளுக்கொரு காகிதத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மலையேறும் ஜீப் வைத்திருக்கிற எங்கள் கிளப்பின் தலைவரை ‘கியர்’ என்றுதான் கூப்பிடுவோம். லாரி வைத்துத் தொழில் பண்ணுகிறவர், நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் மட்டும் பிரேக் பிடிக்காது. நான் செயலாளர், டயர் கடைக்காரன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அதில் பொய் இல்லை.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மலைப்பாதை. கல்லும் பள்ளமும் இரண்டு ஓடைகளும் குறுக்கிடும் பாதை அது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அதில் ஏற முடியாது. இனி எந்த வண்டியும் உள்ளே போகக்கூடாது, நடந்து போகிறவர்கள் போகலாம் என்று வனத்துறை ஒரு சட்டத்தை முன்வைத்திருந்தது. சட்டமன்ற உறுப்பினர்களின் குழு இரு தரப்பையும் கேட்டுவிட்டு அன்றே முடிவு சொல்வதாக இருந்தது. பாதை போனால் மற்றவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு போகும், அவ்வளவுதான். என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு அப்படி இல்லை.

என் அண்ணன் செத்தது அந்தப் பாதையின் உச்சியில். வண்டி பாறை விளிம்பில் சறுக்கிப் புரண்டது. கூடப் போயிருந்த அண்ணி பிழைத்தாள், கால்கள் இரண்டும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை அவளை மேலே கூட்டிக்கொண்டு போகிறோம். கிளப்பே திரண்டு வரும். நான் அவளைத் தூக்கி அந்தப் பாறையின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைப்பேன். நாங்கள் தள்ளிப்போய் நிற்போம். கொஞ்ச நேரம் கழித்து, “போகலாம் தம்பி” என்பாள். வருஷம் முழுவதும் அவள் யாரிடமும் கேட்பது அது ஒன்றைத்தான். பாதையை மூடிவிட்டால் கால் உள்ளவன் ஏறிப் போவான். அவள் போக முடியாது.

அதனால்தான் அவளைப் பேசவைக்கலாம் என்று கியர் சொன்னார். நாற்காலியைக் காட்டிக் காரியம் சாதிப்பதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவளிடம் கேட்டபோது, “என்னைக் காட்டினா கதவு திறக்கும்னா காட்டிக்கோங்க. நான் என்ன கொறஞ்சா போயிடுவேன்?” என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். தடிமனான கம்பளம், நாற்காலியின் சக்கரம் அதில் இழுத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. குழுவின் தலைவர் ஒரு வயதான அம்மாள். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கியர் பேசினார். சுற்றுலா, வேலைவாய்ப்பு, தீ விபத்தில் எங்கள் வண்டிகள் தண்ணீர் கொண்டு போனது என்று எங்கெங்கோ சுற்றினார். சொல்லவேண்டிய இடத்துக்கு வந்தபோது மணி அடித்துவிட்டார்கள்.

அடுத்து வனத்துறை அதிகாரி. சின்ன வயசுக்காரர், சத்தம் போடாமல் பேசினார். திரையில் ஓடையின் படங்களைப் போட்டார். டயர் தடங்களில் தேங்கிய கலங்கல், மேலே வெள்ளை வயிறு தெரியச் செத்து மிதக்கும் மீன் குஞ்சுகள். எங்கள் வரிசையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் தெறிக்கிற வீடியோவுக்காகவே ஓடையில் நாலு தடவை வண்டியை விடுகிற பேர்வழிகள் எங்களிலும் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பிறகு அண்ணியின் முறை. மேசை உயரமாக இருந்தது, மைக் அவள் வாய்க்கு எட்டவில்லை. நான் அதைப் பிடுங்கி அவள் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. சேறும் பிடிக்காது” என்று ஆரம்பித்தாள். யாரோ சிரித்தார்கள். “என் வீட்டுக்காரர் போன இடம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்க போய் உக்காந்துட்டு வரேன். இவங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. நீங்க மூடிட்டா நான் போக முடியாது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.”

தலைவர் அம்மாள் பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து பேசினார், அதிகாரியைக் கூப்பிட்டும் ஏதோ கேட்டார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“பாதையைத் திறந்து விடறது கஷ்டம்மா. ஓடையோட நிலைமைய நீங்களே பாத்தீங்க. ஆனா உங்களுக்காக ஒண்ணு செய்யலாம். வருஷத்துல ஒரு நாள், உங்க வண்டி ஒண்ணுக்கு மட்டும் தனி அனுமதி. சட்டத்துலயே எழுதிடறோம்.”

கிளப்புக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் போகட்டும், அவளுக்குக் கிடைத்துவிட்டது. சரி என்று சொல்லுங்கள் என்று அவள் தோளை அழுத்தினேன். அண்ணி சொல்லவில்லை.

“ஒரு வண்டியா?” என்று கேட்டாள்.

“ஒரே வண்டிதாம்மா.”

“அம்மா, இவங்க கிளப்புல ஒரு பழக்கம் இருக்கு. தனி வண்டி உள்ள போகாது. குறைஞ்சது ரெண்டு போகும். முன்னாடி போறவர் பின்னாடி வர்ற வண்டி கண்ணாடியில தெரியலன்னா அங்கயே நிறுத்திடுவார். என் வீட்டுக்காரர் போன பிறகு வெச்ச பழக்கம் அது. நாங்க தனியா போனோம். வண்டி எங்க மேல கிடந்துது. சாயங்காலம் விழுந்தோம், மறுநாள் தேடிட்டு வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. இன்னொரு வண்டி இருந்திருந்தா கயிறு போட்டு இழுத்திருப்பாங்க. அவர் இருந்திருப்பார். ரெண்டு வண்டியா குடுக்க முடியுமா?”

அம்மாள் அதிகாரியைப் பார்த்தார். அவர் தயங்கித்தான் எழுந்தார். “ஒண்ணுன்னா அவங்களுக்கான விலக்குன்னு சொல்லிக்கலாம்மா. ரெண்டுன்னா கிளப்புக்குக் குடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்கு வேற நாலு கிளப் கேட்டு வருவாங்க” என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

“அப்ப வேணாங்க” என்றாள் அண்ணி.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவைப் படித்தார்கள். பாதை மூடப்பட்டது. விலக்கு எதுவும் இல்லை.

நடைவழியில் கியர் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார். “கிளப்புக்காக உங்க வழியையே விட்டுக்குடுத்துட்டீங்களேம்மா” என்றார். அண்ணி தலையை ஆட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“என்ன அண்ணி, கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டீங்க? ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தா என்ன, பின்னாடி இன்னொரு வண்டிய நைசா விட்டிருக்க மாட்டோமா?”

“அந்த ஆபீசர் பையன் அன்னிக்கு கேட்லயே நிப்பான். விட மாட்டான்.”

“சரி, ஒத்தையாவே போனாத்தான் என்ன? வருஷத்துக்கு ஒரு நாள். நான் பாத்து ஓட்ட மாட்டேனா?”

அவள் கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

“உங்க அண்ணனும் இதையேதான் சொன்னார்.”

என் கையில் இருந்த வண்டிச் சாவியைப் பார்த்தாள்.

“அந்த ஒரு வண்டிய யார் ஓட்டுவா தம்பி? நீதான். வேற யார்கிட்டயும் சாவியக் குடுக்க மாட்டே. கிளப்புக்காக ஒண்ணும் நான் வேணாம்னு சொல்லல. அவர் கை கொஞ்சம் கொஞ்சமா சில்லுன்னு ஆனப்ப நான் அதைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். அடுத்து உன் கையப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்க என்னால முடியாது.”

அண்ணனை இழந்த இடத்துக்கு அவளைத் திருப்பிக் கூட்டிப்போவது நான்தான் என்று இத்தனை காலமும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் பின்னால் வரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்காக.

வண்டியின் கதவைத் திறந்தேன். எப்போதும் போலக் குனிந்து அவளைத் தூக்கி இருக்கையில் வைத்தேன். அவள் கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. உட்கார்ந்த பிறகும் அதை எடுக்கவில்லை. குனிந்தபடியே நின்று நான் அழுதேன். அவள் அழவில்லை.

“மெதுவாப் போ” என்றாள்.