ஒரு முகத்தில் இரண்டு ஜன்னல்

டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர்களின் படங்கள் அதில். நான்கு ஆண்கள், நான்கு மீசைகள். ஐந்தாவது கட்டத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் இரண்டு தோளும், கழிப்பறைக் கதவில் ஒட்டியிருப்பதைப் போல. அதுதான் என் அக்கா.

ஆறு வருடமாக அப்படித்தான். முகவாதம் வந்து ஒரு பக்கம் இறங்கிப்போன பிறகு அவள் எந்தக் கேமராவின் முன்னும் நின்றதில்லை. அந்தப் பக்கத்துக் கண் முழுதாக மூடாது, நீர் கசிந்துகொண்டே இருக்கும். சிரித்தால் உதட்டின் ஒரு பாதிதான் மேலேறும். ஊரார் முகத்தையெல்லாம் படம்பிடித்துப் பிழைக்கிற எனக்கு, சொந்த அக்காவிடம் "ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்கத் தைரியம் இருந்ததில்லை.

போன வாரம் அவளே கேட்டாள்.

"ஒரு படம் எடுத்துக் குடுடி. பலகைக்கு."

நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"என்ன முழிக்கிறே? நேத்து ஒரு பொண்ணு புதுசா வந்துச்சு. கார்ல ஏறி என்னைப் பார்த்ததும் சீட் பெல்ட்டைக் கழட்டிடுச்சு. வேற சார் இருக்காங்களான்னு ஆபீஸ்ல போய்க் கேட்டுச்சாம். அது தப்புன்னு சொல்லலே, பயந்துடுச்சு. அதான், பலகைல முன்னாடியே பார்த்துட்டு வரட்டும். வந்துட்டுப் பார்க்க வேண்டாம்."

"சரிக்கா."

"ஒண்ணு சொல்றேன். உன் வேலையை இதுல காட்டாதே. இந்தக் கண்ணு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்."

சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். இருபது நிமிடம் பேசிக்கொண்டே இருந்தாள், கியர் என்று நினைத்து இவள் கைப்பையைப் பிடித்து இழுத்த ஒரு பெரியவரைப் பற்றி. அவள் சிரித்து முடித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து நிமிர்ந்த நொடியில் கிடைத்தது அந்தப் படம். இரண்டு கண்மணியிலும் ஒரே பக்கத்தில் ஜன்னல் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. வாதம் வந்த கண்ணில், நீர் நின்றதால், அந்தச் சதுரம் இன்னும் பளிச்சென்று இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். தாடைக்குக் கீழே விழுந்த நிழல் அச்சில் கறுத்துவிடுமோ என்று ஒரு சந்தேகம். அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் படத்தை எடுத்துப் போனேன்.

படம் எடுக்கிறவர்களான எங்கள் கூட்டம் ஒரு ஸ்டூடியோ மாடியில் நடக்கும். ஸ்டூடியோக்காரரை நாங்கள் பாஸ்போர்ட் என்போம், அவர் பிழைப்பே அந்த அளவுப் படங்கள்தான். கல்யாணங்களுக்கு எடுக்கிறவர் மாப்பிள்ளை. வாரம் முழுக்க ஏரிக்கரையில் கிடக்கிறவர் பறவை. கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு: படம் பெரிய திரையில் போடப்படும், ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் மவுஸைப் பிடித்துத் தனக்குத் தோன்றியதைத் திருத்துவார்கள், கடைசி ஆள் முடிக்கும்வரை படத்துக்குச் சொந்தக்காரர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லோருக்கும் டீ அவர் செலவு. முடிந்ததும் "நன்றி" சொல்ல வேண்டும். கர்வம் கரைவதற்காக என்று ஏற்படுத்திய வழக்கம்.

பாஸ்போர்ட் முதலில் உட்கார்ந்தார். "நிழல் ஒண்ணும் பிரச்சினையில்லம்மா" என்று ஒரே இழுப்பில் அதைச் சரிசெய்தார். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்கு இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. கண்ணோரத்து ஈரத்தைத் துடைத்தார்.

"அழற மாதிரி இருக்குல்ல, பலகைக்கு ஆகாது."

பறவை கன்னத்துச் சுருக்கங்களை நீக்கினார். கொக்கின் ஒரு இறகு கலைந்திருந்தால்கூட அது இயற்கை, கை வைக்கக் கூடாது என்று சண்டைக்கு வருகிற மனிதர். என் அக்கா கொக்கு இல்லையே.

பிறகு மாப்பிள்ளை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பாதி நல்லாத்தானே இருக்கு? நல்லதை வச்சுக் கெட்டதைச் சரிபண்ணிடலாம். கல்யாண ஆல்பத்துல நான் எத்தனை மாமியாருக்குப் பண்ணியிருக்கேன்!"

"மாமியார் மனசையும் அப்படியே திருப்பிப் போட முடியுமாய்யா?" என்றார் பாஸ்போர்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சரியாக இருந்த பாதியை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பி, மற்றப் பாதியின்மேல் ஒட்டினார். மூக்கோரத்தில் சேர்ந்த கோட்டைத் தேய்த்து மறைத்தார். அக்காவின் ஒரு பாதி மூன்று நிமிடத்தில் இல்லாமல் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டீக்கும் சட்டத்துக்கும் பயந்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

அதைவிடக் கூசுவது ஒன்று இருக்கிறது. அவர்கள் கைதட்டியபோது நானும் திரையைப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு அந்த முகம் வேண்டியிருந்தது. அதனால்தான் என் முறை வந்தபோது நான் சொன்னது "நன்றி" மட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அது ஆறு வருடத்துக்கு முந்தைய அக்காவும் இல்லை. திருப்பி ஒட்டியதில், ஒரு கண்ணில் ஜன்னல் இந்தப் பக்கம், மற்றதில் அந்தப் பக்கம். உலகத்தில் எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் அப்படி ஒரு வெளிச்சத்தில் உட்கார்ந்ததில்லை.

திங்கட்கிழமை காலை என் அசல் படத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"எதுக்கும்மா? நேத்தே பிரிண்ட் போட்டு ஒட்டிட்டேனே" என்றார் பாஸ்போர்ட். "பலகை வேலை நம்ம கடையோடதுதானே. நீதான் நன்றின்னு சொல்லிட்டியே! உனக்கு ஒரு அலைச்சல் மிச்சம்."

டிரைவிங் ஸ்கூலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். பக்கத்தில் கல்லூரிப் பையோடு ஒரு பெண். அவள் பலகையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"மேடம், நான் இவங்ககிட்டதான் பேர் குடுத்தேன். இவங்க எப்ப வருவாங்க?"

அக்கா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அழவில்லை, எப்போதும் துடைப்பதுதான்.

"அவங்க வரமாட்டாங்கம்மா. நான்தான் வருவேன். நீ போய்க் கார்ல உட்காரு. இல்லே, வேற யாராவது வேணும்னாலும் ஆபீஸ்ல சொல்லு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

அந்தப் பெண் திகைத்து நின்றாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"யாருடி இவ?"

"அக்கா, நான் பண்ணலே. கூட்டத்துல அவங்க..."

"அவங்க பண்ணும்போது நீ எங்கே இருந்தே?"

"அங்கேதான். முடியறவரைக்கும் பேசக் கூடாதுன்னு ஒரு ரூல்."

"ரூலா! எதிர்ல லாரி வந்தாலும் சிக்னல் பச்சைன்னு போயிட்டே இருப்பியா? பிரேக்குன்னு ஒண்ணு எதுக்குடி வச்சிருக்கான்?" குரல் முதல்முறையாக உடைந்தது. "ஆறு வருஷம் கழிச்சு வாசல்ல வந்து நின்னேன். என்னைத் தள்ளிட்டு வேற ஒருத்தியை நிக்க வச்சிட்டீங்களே!"

பலகையின் மூலையில் நகத்தை விட்டுப் படத்தைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. மீதியைச் சுரண்டினேன்.

அந்தக் கிழிந்த துண்டுகளோடு ஸ்டூடியோவுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளையும் அங்கே இருந்தார்.

"அழகாத்தானே பண்ணிக் குடுத்தோம்? அதுல என்ன கோபம் உனக்கு?"

"அழகு யார் சார் கேட்டா? நிழலைத்தானே கேட்டேன்? முகத்தைக் கேட்டேனா?"

"சரி, சரி. கண்ணுல அந்தத் தண்ணியை மட்டுமாவது..."

"கையை எடுங்க சார்."

இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பாஸ்போர்ட் என் அசல் படத்தை இயந்திரத்தில் போட்டார். படம் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். தாடைக்குக் கீழே நிழல் கொஞ்சம் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. விழட்டும்.

நானே கொண்டுபோய் ஒட்டினேன். கார் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்தது. கல்லூரிப் பை பின் சீட்டில் கிடந்தது, அந்தப் பெண் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். அக்கா இறங்கிப் பலகையிடம் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மேடம், இப்ப நீங்கதான்!"

"பேசாதே. கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வா" என்றாள் அக்கா. உதட்டின் ஒரு பாதி மேலேறியது, அந்தப் பெண்ணைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை.