பனி பெய்யாத ஊரின் கூரை

பின்புறத்துப் பைன் மரத்தில் கட்டி, கூரை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் தொங்கவிட்ட கயிற்றை நெலிடா இடுப்பில் முடிந்துகொண்டு ஏணியில் கால் வைத்தபோது, விடுதியின் சமையலறைப் பட்டாளம் முழுவதும் முற்றத்துக்கு வந்துவிட்டது.

ஊரை நிறுவிய ஜெர்மானியர்கள் பிறந்த மண்ணில் கட்டிய மாதிரியே இங்கும் கட்டினார்கள். பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தான கூரை. அர்ஜென்டினாவின் இந்த மலையிலோ பனி எப்போதாவது எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அவர்களே நட்ட பைன் மரங்கள்தான் வருஷம் முழுக்க இலையைக் கொட்டின. கூரையில் குவிந்து காய்ந்த இலையில் ஒரு பொறி பட்டால் போதும், வீடே பற்றிக்கொள்ளும். ஆனாலும் அந்தக் கூரை அழகென்றால் அப்படியொரு அழகு, வாய் குறை சொல்ல மறுக்கும்.

கூரை பெருக்குவது அவள் புருஷன் எலோயின் வேலை. போன வாரம் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். முதலாளி ஹெட்விக் அம்மாள் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டாள். அவன் வந்தால் இவர்கள் குடியிருக்கும் பின்னறையும் அவனுக்குத்தான்.

"ஏண்டி, காத்தடிச்சா நீ பறந்துருவே! நாலு உருளைக்கிழங்கு பையில போட்டுத் தரவா?" என்றாள் சமையல்காரி டெல்ஃபினா.

"உன்னையே தூக்கிட்டுப் போனா இன்னும் கனமா இருக்கும்!"

பின்னறைச் சன்னலிலிருந்து எலோய் கத்தினான். "இடது கால முதல்ல வைக்காதே!"

"நீ வச்ச கால்தானே மாவுக்கட்டுல கெடக்கு? சும்மா இரு!"

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவள் மேலே ஏறிவிட்டாள். முகட்டில் காலை இருபுறமும் போட்டு, குதிரையில் போகிறவள் மாதிரி நகர்ந்து நகர்ந்து பெருக்கினாள். பழுப்புச் சருகு பொதிபொதியாய் விழுந்தது. மதியத்துக்குள் கருங்கல் ஓடுகள் கழுவிவிட்டதுபோல் மின்னின. எலோய் பெருக்கி ஒருநாளும் இப்படி மின்னியதில்லை.

ஹெட்விக் அம்மாள் தடியூன்றி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஓடு எதுவும் உடையலையே?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

"சரி, அவன் கால் கூடுற வரைக்கும் நீயே செய்."

"அப்ப எங்க ரூம்பு?"

"இருந்துக்கோங்க. அந்த ஆளை வர வேண்டாங்கிறேன்."

டெல்ஃபினா கையைத் தட்டினாள். அப்போதுதான், ஊரின் காலண்டருக்குப் படம் எடுக்க வந்தவன் புல்வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

"அம்மா, வெளிச்சம் பிரமாதம்! ஆனா அந்தப் பொம்பளை படத்துல விழுறாங்க."

"நெலிடா, கொஞ்சம் மறைஞ்சுக்கோ," என்றாள் ஹெட்விக்.

அவள் புகைபோக்கிக்குப் பின்னால் போய் முழங்காலை மடக்கி ஒடுங்கினாள்.

"கயிறு தெரியுதே!" என்றான் படம் எடுப்பவன்.

நெலிடா இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டாள். கயிறு முகட்டைத் தாண்டி மறுபுறம் சரசரவென இறங்கியது. சூடான புகைபோக்கியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அவன் எடுத்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.